இறகுப் பட்டையும் கம்பளி நூலும்: ஒரு முதல் வகுப்பின் தேங்க்ஸ்கிவிங்

தேங்க்ஸ்கிவிங் என்பது நவம்பரில் வரும் அமெரிக்க நன்றி நாள்; குடியேறிய ஆங்கிலேயர்களும் பூர்வகுடிகளும் சேர்ந்து சாப்பிட்ட ஒரு விருந்துதான் அதன் தொடக்கம் என்று கதை சொல்வார்கள். அதற்கு முதல் ஆண்டு நாங்கள் செய்தது, இங்கே அமெரிக்காவில் பல வகுப்புகளில் செய்வதுதான். பிள்ளைகளைப் பாதிக்குப் பாதி பிரித்தோம். ஒரு பாதிக்குக் கறுப்புச் சார்ட் பேப்பரில் உயரமான தொப்பி, அதன் முன்னால் மஞ்சள் அட்டையில் வெட்டிய பக்கிள். அவர்கள் பில்கிரிம்கள், அதாவது 1620-இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள். மறுபாதிக்குப் பழுப்புக் காகிதத்தில் தலைப்பட்டை, பின்புறம் கலர் கலராக இறகுகள். அவர்கள் 'இந்தியர்கள்', அதாவது இங்கே முன்பே வாழ்ந்த பூர்வகுடிகள். அந்த அறையில் இருந்த ஒரே நிஜ இந்தியர் நான்தான் என்று வேடிக்கையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. எல்லோரையும் தரையில் வட்டமாக உட்காரவைத்து பாப்கார்னும் ஆப்பிள் ஜூஸும் கொடுத்தோம். "எல்லோரும் நண்பர்களாகிவிட்டார்கள்" என்று கதையை முடித்து, போட்டோ எடுத்தோம். மொத்தம் நாற்பது நிமிடம்.

பள்ளி விடும் நேரத்தில் ஒரு குழந்தையைக் கூட்டிப்போக அதன் பாட்டி வந்தார். பூர்வகுடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பேரனின் தலையிலிருந்து பட்டையை மெதுவாகக் கழற்றி, ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த மக்கள் அணிவது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். அவர் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் வேலை செய்வது மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பில்கிரிம்கள் குடியேறிய பிளிமத் ஊருக்குக் காரில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு பள்ளியின் முதல் வகுப்பில், உதவி ஆசிரியராக. பிள்ளைகளுக்கு ஆறு வயது, சிலருக்கு ஆறரை. அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பிறகு வந்த நவம்பரில், மூன்று வாரம், கைவேலை, வரைபடம், பாட்டு என்ற மூன்றையும் வைத்துப் பாடத்தை முழுக்க மாற்றிப் பார்த்தோம். அதில் எது நடந்தது, எது சொதப்பியது என்பதுதான் இந்தப் பதிவு. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கிறவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் நவம்பரில் ஒரு காகித வான்கோழி ஒட்டியிருக்கும், அவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் பாட்டியின் கேள்விக்குப் பதில். நாங்கள் செய்த மாதிரியான பெரிய இறகுக் கிரீடம் லகோட்டா போன்ற சமவெளி மக்களுடையது. அவர்கள் மண் இங்கிருந்து மேற்கே ஆயிரம் மைலுக்கும் அப்பால். பிளிமத் பகுதியில் வாழ்ந்தவர்கள் வாம்பனோக் மக்கள். அவர்கள் உடை வேறு, வீடு வேறு. முக்கோணக் கூடாரம் அவர்களுடையது அல்ல. மரக்கொம்புகளை வளைத்துக் கட்டி, மேலே மரப்பட்டையோ கோரைப்பாயோ போர்த்திய கவிகை வீடுதான் அவர்களுடையது. அதற்கு அவர்கள் மொழியில் பெயர் 'வீட்டூ'. முதல் முறை கேட்டபோது தூக்கிவாரிப்போட்டது. தற்செயலான ஒலி ஒற்றுமைதான், யாரும் உடனே மொழி ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். பில்கிரிம் தொப்பியும் தப்புதான். தொப்பியில் பக்கிள் வைப்பது அந்தக் காலத்து வழக்கமே இல்லை, பின்னால் வந்த ஓவியர்கள் மாட்டிவிட்டது. ஆக, இரண்டு பாதிப் பிள்ளைகளுக்கும் தவறான வேஷம்.

வேஷம் இனி வேண்டாம் என்பதில் தலைமை ஆசிரியருக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் தயக்கம் இருந்தது. கலிஃபோர்னியாவின் கிளேர்மாண்ட் நகரில் 2008-இல் மழலைப் பிள்ளைகளின் தேங்க்ஸ்கிவிங் வேஷத்தை நிறுத்தியபோது பெற்றோர் இரண்டு அணியாகி, செய்தித்தாள் வரை போனது அவர்களுக்கு நினைவிருந்தது. "ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் ஒன்றை வை" என்றார் வகுப்பு ஆசிரியர். நல்ல புத்தி. வெறுமனே தடை போட்டிருந்தால் பிள்ளைகளுக்கு நவம்பரில் ஒரு குதூகலம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு முன் ஒன்று செய்தோம். "முதல் தேங்க்ஸ்கிவிங்கை வரையுங்கள்" என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். நீள மேஜை, நடுவில் வறுத்த வான்கோழி, தொப்பி வைத்த மனிதர்கள், ஓரத்தில் இறகு வைத்த ஒன்றிரண்டு பேர். ஏறக்குறைய எல்லாத் தாளும் ஒரே படம். இந்தப் பிள்ளைகள் எங்களிடம் வருவதற்கு முன்பே கதையை முழுசாகத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

சரி, வரைபடம். ஆறு வயதில் வரைபடம் என்பதே புதிர். மேலிருந்து பார்த்தால் பூமி இப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தானாக வராது. அதனால் சுவரில் மாட்டும் வரைபடத்தை விட்டுவிட்டு, தரைக் கம்பளத்தில் நீல டேப்பால் அட்லாண்டிக் கடலைப் போட்டோம். ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் அமெரிக்கா, இரண்டும் பழுப்புக் காகிதத்தில். பிள்ளைகள் கடலுக்குள் நடக்கலாம், நீந்தலாம், ஒரு பையன் சுறாவாகவே மாறிவிட்டான்.

வெள்ளைக் கம்பளி நூல் மேஃபிளவருக்கு. இங்கிலாந்துக்காரர்கள் சிலர் தங்கள் வழிபாட்டு முறைக்காக ஹாலந்தின் லைடன் நகருக்குப் போய்த் தங்கியிருந்தது, அங்கிருந்து கிளம்பியது, கூட வந்த ஸ்பீட்வெல் கப்பல் ஒழுகியதால் இரண்டு முறை திரும்பியது எல்லாவற்றையும் நூலிலேயே காட்டினோம். ஒழுகிய கப்பல்தான் பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி. கடைசியில் 1620 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து மேஃபிளவர் தனியாகக் கிளம்பியது. 102 பயணிகள், 66 நாள். 66 என்பது ஆறு வயதுக்கு வெறும் எண். அதனால் நாளுக்கு ஒன்றாக 66 காகித வளையங்கள் கோத்துச் சங்கிலி செய்தோம். அது கதவிலிருந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தபோது, "இத்தனை நாளும் குளிக்கவே மாட்டார்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். 1957-இல் கடல் தாண்டி வந்த மாதிரிக் கப்பல் இன்றும் பிளிமத்தில் இருக்கிறது, நீளம் சுமார் 106 அடி. அந்த அளவுக்குக் கயிறு அளந்து மைதானத்தில் போட்டோம். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்து, அதற்கு ஓஷியானஸ் என்று பெயர் வைத்த சங்கதி சொன்னதும் கயிற்றுக் கப்பலுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லோரும் கைக்குழந்தைகளாகிவிட்டார்கள்.

நூலை அமெரிக்கக் கரையில் ஒட்டப் போனபோதுதான் நான் திட்டமிடாத ஒன்று நடந்தது. கீழே உட்கார்ந்திருந்த ஒரு பையன் கேட்டான்: "இந்தப் பக்கம் ஏன் ஊரே இல்லை?"

ஐரோப்பாப் பக்கத்தில் லண்டன், லைடன், பிளிமத், சவுத்தாம்ப்டன் என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். அமெரிக்கப் பக்கம் வெறும் பழுப்புக் காகிதம். வேண்டுமென்று செய்யவில்லை. வெட்டி ஒட்டியபோது அங்கே எழுத ஏதாவது இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இறகுப் பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டோம், திருந்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் காலிக் காகிதம் சுருக்கென்றது. தவறு வேஷத்தோடு மட்டும் நிற்கவில்லை. ஆளில்லாத நிலத்துக்குக் கப்பல் வந்தது என்ற கதையைத்தான் அந்த வரைபடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று பாடத்தை அங்கேயே நிறுத்தினோம். மறுநாள் ஊர்ப்பெயர்களை எழுதிக்கொண்டுவந்து பிள்ளைகளை ஒட்டவைத்தோம். பட்டக்ஸெட், போக்கனோக்கெட், நாசெட், மாஷ்பீ, அக்கின்னா. இதில் பட்டக்ஸெட்தான் பில்கிரிம்கள் குடியேறி பிளிமத் என்று அழைத்த இடம். அவர்கள் வந்தபோது அது காலியாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் காலி? 1616 முதல் 1619 வரை பரவிய ஒரு கொள்ளைநோய் அந்தக் கரையோர ஊர்களை அழித்திருந்தது. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்து இறங்கிய நோய். உழுத வயல் இருந்தது, உழுதவர்கள் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்வதா என்று அரை நாள் பேசினோம். சொன்னோம், மூன்றே வாக்கியத்தில்: இங்கே ஓர் ஊர் இருந்தது, பெரிய நோய் வந்தது, நிறையப் பேர் இறந்துபோனார்கள். யாரும் அழவில்லை. ஒரு பெண் பட்டக்ஸெட் என்ற சீட்டை எடுத்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றோம்.

அடுத்து சிவப்பு நூல். அது டிஸ்குவாண்டம் என்பவருடையது, பாடப்புத்தகங்களில் ஸ்குவாண்டோ என்று வருபவர். பில்கிரிம்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்த நல்ல நண்பர் என்ற அளவில் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் எப்படி ஆங்கிலம் பேசினார் என்று யாரும் கேட்பதில்லை. 1614-இல் தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினின் மலாகா துறைமுகத்தில் விற்கப் பார்த்தான். அங்கிருந்து எப்படியோ லண்டனுக்கு வந்து, நியூஃபவுண்ட்லாந்து போய், மறுபடி இங்கிலாந்து வந்து, 1619-இல் ஊர் திரும்பினார். அவர் ஊர் பட்டக்ஸெட். திரும்பி வந்தபோது ஒருவரும் மிஞ்சவில்லை.

நூலை அப்படியே ஓட்டினோம். போகும் வழியில் ஒரு கடல், வரும் வழியில் ஒரு கடல். நியூஃபவுண்ட்லாந்து வளைவை மட்டும் விட்டுவிட்டேன், நூல் சிக்காகிவிடும் என்பதால். அப்படியும் சிவப்பு நூல் வெள்ளையைவிட இரண்டு மடங்கு நீளம் வந்தது. பில்கிரிம்கள் கடல் தாண்டுவதற்கு முன்பே இவர் தாண்டிவிட்டார் என்பதைப் பிள்ளைகள் நாங்கள் சொல்வதற்கு முன் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். நீளமாகப் பயணம் செய்தவர் யார் என்று கேட்டால் போன வருடம் எல்லாக் கையும் தொப்பிப் பக்கம் நீண்டிருக்கும். புத்தகத்தைப் படித்துக் காட்டி இதைப் புரியவைத்திருக்க முடியாது, நூல் வேண்டியிருந்தது.

விருந்தைப் பற்றி அதிக நேரம் எடுக்கவில்லை, ஏனென்றால் தெரிந்ததே கொஞ்சம். 1621 இலையுதிர் காலத்தில் நடந்ததை நேரில் இருந்து எழுதியது எட்வர்ட் வின்ஸ்லோ என்பவரின் ஒரு கடிதம். நான்கு பேர் பறவை வேட்டைக்குப் போனார்கள், வாம்பனோக் தலைவர் ஊசமெக்குவின் தொண்ணூறு பேரோடு வந்தார், மூன்று நாள் விருந்து, அவர்கள் ஐந்து மான் கொண்டுவந்தார்கள். வான்கோழி என்ற சொல்லே அந்தக் கடிதத்தில் இல்லை. இன்றைய விருந்தில் வரும் உருளைக்கிழங்கு மசியலும், பூசணியில் செய்யும் 'பை' என்ற இனிப்பும் இருந்திருக்க வழியில்லை. முதல் குளிர்காலத்திலேயே வந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்ததால், ஆங்கிலேயர்கள் ஐம்பது பேர் அளவில்தான் மிஞ்சியிருந்தார்கள். தொண்ணூறுக்கு ஐம்பது. இதைப் பட்டாணி எண்ணி இரண்டு தட்டில் வைத்துக் காட்டினோம். பிள்ளைகள் வரைந்த படங்களில் ஓரத்தில் ஒன்றிரண்டு பேராக நின்றவர்கள்தான் அங்கே கூட்டம்.

இதற்கு 'முதல் தேங்க்ஸ்கிவிங்' என்ற பெயரே 1841-இல்தான் ஒட்டிக்கொண்டது. அந்தக் கடிதத்தை மறுபடி அச்சிட்ட அலெக்ஸாண்டர் யங், அடிக்குறிப்பில் அப்படி எழுதினார். லிங்கன் 1863-இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே நவம்பர் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தபோது பில்கிரிம்களைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இது பெரியவர்களுக்கான செய்தி, வகுப்பில் சொல்லவில்லை. பல ஆண்டுகள் விடாமல் வற்புறுத்தி, லிங்கனுக்கும் கடிதம் போட்டு அந்த அறிவிப்பை வாங்கியவர் சாரா ஜோசஃபா ஹேல் என்பதை மட்டும் சொன்னோம். 'மேரியின் ஆட்டுக்குட்டி' பாட்டை எழுதியவர் அவர் என்றதும் வகுப்பே எழுந்து பாடிவிட்டது.

பாட்டு என்று வந்ததால் அடுத்தது அது. லிடியா மரியா சைல்ட் 1844-இல் வெளியிட்ட ஒரு சிறுவர் பாட்டு, ஆற்றைத் தாண்டிக் காட்டு வழியே தாத்தா வீட்டுக்குப் பனிச்சறுக்கு வண்டியில் போகும் பாட்டு, இங்கே எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் பாட்டு என்று பலர் நினைத்தாலும் எழுதப்பட்டது தேங்க்ஸ்கிவிங்குக்கு. குதிரை ஓடும் தாளத்தில் வரும், தொடையில் தட்டிக்கொண்டே சொல்லலாம். அந்த அம்மையார் அடிமை முறையை எதிர்த்தும் பூர்வகுடிகளுக்காகவும் எழுதியவர் என்பதால் எங்களுக்கு அவர்மேல் கூடுதல் பிரியம். பாட்டில் வரும் ஆறு, அவர் பிறந்த மெட்ஃபோர்டில் ஓடும் மிஸ்டிக் ஆறு என்பார்கள். பிள்ளைகளில் சிலர் காரில் அந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கிறார்கள். பாட்டுக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

ஆளுக்கு ஒரு வரைபடம் போடச் சொன்னோம்: உன் தாத்தா வீட்டுக்கு வழி. இதில் ஒரு பெரிய பிழை செய்தோம். வகுப்பில் ஒரு குழந்தை வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறது. வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. உடனே, "உனக்காக யாராவது காத்திருக்கும் ஒரு வீட்டுக்கு வழி" என்று மாற்றினோம். அந்தக் குழந்தை பள்ளி நூலகத்துக்கு வழி வரைந்தது, படிக்கட்டுகளை எண்ணி எழுதியிருந்தது. ஒரு பையனின் தாத்தா அதே வீட்டின் மாடியில் இருக்கிறார், அவன் வரைபடத்தில் ஒரே ஓர் அம்புக்குறி. மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி தாளின் ஓரம் முடிந்துபோனதால் இன்னொரு தாளை ஒட்டி, அப்புறம் மூன்றாவது தாளையும் ஒட்டினாள்.

நன்றி சொல்லும் பாட்டு எழுதவைப்பதுதான் கடினம். போன வருடம் எல்லாப் பிள்ளைகளும் அம்மா, அப்பா, நாய், வீடு, பொம்மை என்று எழுதிவைத்தார்கள். தப்பில்லை, ஆனால் ஒரே பட்டியலை அத்தனை முறை படித்தால் ரேஷன் கார்டு படிப்பது போலிருக்கும். இந்த முறை, நியூயார்க் வட பகுதியின் ஹோடனோஷோனி மக்கள் கூட்டம் தொடங்கும்போது சொல்லும் நன்றியுரை எந்த வரிசையில் போகும் என்று வகுப்பு ஆசிரியர் சொன்னார். மனிதர், பூமி, நீர், மீன், செடி என்று போய்ச் சூரியன், நிலா, நட்சத்திரம் வரை. ஒவ்வொன்றின் முடிவிலும் இப்போது நம் மனங்கள் ஒன்றாயின என்ற பொருளில் ஒரு வரி. இவர்கள் வாம்பனோக் மக்கள் அல்ல, வேறு மொழி, வேறு நிலம், ஆகவே வரைபடத்தில் தனிப் புள்ளி வைத்தோம். அவர்கள் உரையை நாங்கள் ஒப்பிக்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டி வெளியே பார்த்தும் நன்றி சொல்லலாம் என்ற ஒன்றை மட்டும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "மீனே, சோளத்துக்கு அடியில் படுத்ததற்கு நன்றி" என்று ஒருவன் எழுதினான். நடும்போது மண்ணில் மீனைப் புதைத்து உரமாக்கும் முறையை டிஸ்குவாண்டம் கற்றுக்கொடுத்த கதையிலிருந்து வந்த வரி. இன்னொருத்தி ஸ்கங்கை வைத்து எழுதினாள். ஸ்கங்க், மூஸ் (பெரிய மான்), ஸ்குவாஷ் (பூசணி வகை) எல்லாம் இந்த மண்ணின் அல்கொன்கியன் மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள் என்று சொல்லியிருந்தோம். நாற்றமடிக்கும் பிராணிக்கு நன்றி சொல்லலாம் என்று தெரிந்ததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கைவேலை கடைசியில்தான். குச்சிகளை வளைத்துக் களிமண்ணில் ஊன்றி, மேலே காகிதப்பையைக் கிழித்து ஒட்டி, சின்னச் சின்ன வீட்டூக்கள். பாதி சாய்ந்துவிட்டன. ஒரு தொட்டியில் சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்து விதைத்தோம், இங்கே மூன்று சகோதரிகள் என்பார்கள். சோளத்தண்டில் அவரை படரும், பூசணி இலை மண்ணை மூடும். நவம்பரில் ஜன்னலோரம் சோளம் எங்கே வளரும், அவரை மட்டும் முளைத்தது. அடுத்த முறை இதை மே மாதத்துக்குத் தள்ள வேண்டும். (நாம் பரங்கிக்காய் என்று சொல்லும் காயும் அமெரிக்க மண்ணிலிருந்து கப்பலேறியதுதான், பெயரிலேயே பரங்கி இருக்கிறது.)

கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, விரல்களை இறகாக்கும் வான்கோழியை நான் விடவில்லை. சிலர் அதையும் ஒழிக்க வேண்டும் என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அது யாரையும் வேஷமாக்குவதில்லை. ஆறு வயதுக் கையின் அளவு அந்த வருடத்தோடு போய்விடும், வீட்டில் எடுத்துவைக்க ஒரு தாள். ஆனால் இம்முறை நான்கு விரல்களிலும் அவர்களே எழுதிய நான்கு வரிகள் இருந்தன.

பெற்றோரிடமிருந்து இரண்டு மின்னஞ்சல் வந்தன. ஒருவர், பண்டிகை நேரத்தில் நோய், சாவு எல்லாம் எதற்கு என்று கேட்டார். இன்னொருவர் நம்மூர்க்காரர். "மேடம், இது நம்ம பொங்கல் மாதிரி அறுவடை விழாதானே, அதோட விட்டுடலாமே" என்று எழுதியிருந்தார். மூன்று நாள், புது விளைச்சல் என்று பார்த்தால் ஒப்புமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பொங்கல் அதைக் கொண்டாடுகிறவர்களின் சொந்த நிலத்தில், ஆண்டுதோறும் வருவது. 1621-இல் நடந்தது ஒருமுறை, அதே ஆண்டு மார்ச்சில் உடன்படிக்கை செய்துகொண்ட இரண்டு கூட்டத்தாருக்கு இடையே. ஊசமெக்குவினின் மகன் மெட்டாகோம் காலத்தில், 1675-இல், அந்த உறவு பெரும் போராக முடிந்தது. 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பிளிமத்தின் கோல்ஸ் குன்றில் பூர்வகுடிகள் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். இதையெல்லாம் பதிலில் எழுதினேன். போரை ஆறு வயதில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், அது மேல் வகுப்புக்கு. ஆனால் மேல் வகுப்பில் அதைக் கேட்கும்போது, முதல் வகுப்பில் எனக்குப் பொய் சொன்னார்கள் என்று பிள்ளை நினைக்கக் கூடாது. எங்கள் அளவுகோல் அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அதே படத்தை வரையச் சொன்னோம். மேஜை நிறையத் தாள்களில் காணாமல் போய், மானும் சோளமும் வந்திருந்தன. ஆட்கள் கூடியிருந்தார்கள். பக்கிள் தொப்பி மட்டும் அசையவே இல்லை, பாதிப் பேர் அதை அப்படியே வரைந்தார்கள். கடையில், டிவியில், பேப்பர் தட்டில் எங்கு பார்த்தாலும் அந்தத் தொப்பி இருக்கிறதே, நாங்கள் என்ன செய்ய. ஒருவன் டிஸ்குவாண்டம் ஸ்பெயின்காரர் என்று முடிவுகட்டியிருந்தான், சிவப்பு நூலின் பக்கவிளைவு.

கவலைப்படவைத்தது வேறொன்று. வாம்பனோக் மக்களைப் பற்றிப் பிள்ளைகள் எல்லாமே இறந்தகாலத்தில் பேசினார்கள். இருந்தார்கள், நட்டார்கள், கட்டினார்கள். இன்றும் கேப் காட் தீபகற்பத்தில் மாஷ்பீயிலும், மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் அக்கின்னாவிலும் இருக்கிறார்கள் என்று சொன்னபோது, "அவர்களிடம் கார் இருக்கிறதா?" என்று கேள்வி வந்தது. இருக்கிறது, பள்ளிக்கூடமும் இருக்கிறது. நூறாண்டுக்கும் மேலாகப் பேச ஆளின்றிப் போயிருந்த அவர்கள் மொழியை, ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற மாஷ்பீப் பெண்மணி 1990-களில் தொடங்கிப் பழைய ஆவணங்களிலிருந்தும் 1663-இல் அச்சான பைபிளிலிருந்தும் மீட்டெடுத்து, இன்று அந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இதைக் கடைசி நாளில், பத்து நிமிடத்தில், அவசரமாகச் சொன்னோம். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.

ஆகவே இந்த நவம்பரில் நூலுக்கு முன் அந்த இரண்டு ஊர்ப்பெயர்களைத்தான் முதலில் ஒட்டப் போகிறோம். போன முறை நீல டேப்பை உரித்தபோது அட்லாண்டிக்கின் பசை பாதி கம்பளத்திலேயே தங்கிவிட்டது, துப்புரவுப் பணியாளர் அதைக் காட்டி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. பெயின்டர்கள் சுவரில் ஒட்டும் டேப் வாங்கிவைத்திருக்கிறேன்.